ஐந்து நாள் காத்திருக்கலாம், ஐந்து வாரம் கூடாது

கேள்வி: டாக்டர், என் தம்பிக்கு 29 வயது. ஒர்க் பெர்மிட்டில் ஏர்கான் வேலை பார்க்கிறான். போன வெள்ளிக்கிழமை காலை கம்பெனி வேனில் டிரைவர் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து வேலையிடத்துக்குப் போகும்போது, முன்னால் போன லாரியில் வேன் மோதிவிட்டது. இடது இடுப்பு மூட்டு விலகி, கிண்ணமும் உடைந்துவிட்டது என்றார்கள். அன்றைக்கே மயக்கம் கொடுத்து இழுத்து உள்ளே வைத்தார்கள். இப்போது முட்டிக்கு மேலே கம்பி குத்தி எடை தொங்கவிட்டிருக்கிறார்கள். ஆபரேஷன் வரும் புதன்கிழமைதானாம். ஐந்து நாள் ஏன் சும்மா போட்டு வைத்திருக்கிறார்கள்? இடது பாதத்தைத் தூக்க முடியவில்லை என்கிறான். ஊரில் பெரியப்பா, "வெட்ட விடாதே, ஏத்தி அனுப்பு, புத்தூர் கட்டுப் போட்டுக்கலாம்" என்று தினமும் போன் செய்கிறார். தை மாதம் அவனுக்குக் கல்யாணம். நடப்பானா, மணவறையில் உட்காருவானா, கல்யாணத்தைத் தள்ளிப் போட வேண்டுமா? செலவைப் பற்றிக் கேட்டால் கம்பெனியில் யாரும் வாயைத் திறப்பதில்லை.
– சிங்கப்பூர், உட்லண்ட்ஸிலிருந்து ஓர் அக்கா

பதில்: வணக்கம்மா. உங்கள் கடிதம் திங்கள் இரவு வந்தது. புதன்கிழமை ஆபரேஷன் என்பதால் வரிசையில் இருந்த மற்ற கடிதங்களை ஒதுக்கிவைத்துவிட்டு இதை எழுதுகிறேன். முதலில் ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன், மீதியைப் பிறகு நிதானமாகப் படியுங்கள்: தம்பியை விமானத்தில் ஏற்றாதீர்கள். பெரியப்பாவிடம் நான் சொன்னதாகவே சொல்லுங்கள், திட்டினால் என்னைத் திட்டட்டும்.

நம் பேச்சில் "இடுப்பு உடைஞ்சிடுச்சு" என்பது மூன்று வேறு சங்கதிகளுக்கு ஒரே பெயர். பாட்டி குளியலறையில் வழுக்கி விழுந்து உடைவது பெரும்பாலும் தொடை எலும்பின் கழுத்து. லாரி ஏறியோ உயரத்திலிருந்து விழுந்தோ உடைவது இடுப்பெலும்பு வளையம். கண்ணாடி வளையலை ஓரிடத்தில் மட்டும் உடைத்துப் பிரிக்க முடியாது இல்லையா, அதுபோல இந்த வளையமும் விலகிப் பிரிந்தால் முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என்று குறைந்தது இரண்டு இடத்தில் போயிருக்கும். உள்ளே ரத்தம் கொட்டி உயிருக்கே ஆபத்தாவது அதில்தான். ஆம்புலன்ஸ்காரர்கள் இடுப்பைச் சுற்றி இறுக்கமாக ஒரு பட்டை போடுவதும் அதற்காகத்தான். (அந்தப் பட்டை பெல்ட் கட்டும் இடத்தில் இல்லை, தொடையின் மேல்முனை பக்கவாட்டில் துருத்திக்கொண்டிருக்கும் இடத்தில் வர வேண்டும். மேலே ஏற்றிக் கட்டிக்கொண்டு வந்த ஆட்களை நானே பார்த்திருக்கிறேன்.) உங்கள் தம்பிக்கு வந்தது மூன்றாவது, கிண்ணம் உடைவது. தொடை எலும்பின் பந்து உட்கார்ந்து சுழல்கிற குழி அது. அசிட்டாபுலம் என்ற பெயருக்கே லத்தீனில் காடி வைக்கும் சின்னக் கிண்ணம் என்றுதான் பொருள்.

முன்சீட்டில் உட்கார்ந்திருக்கும்போது முட்டியும் இடுப்பும் மடங்கியிருக்கும். வண்டி மோதியதும் முட்டி டேஷ்போர்டில் இடிக்கிறது, அந்த இடி அப்படியே தொடை எலும்பு வழியாகப் பின்னால் போய், பந்து கிண்ணத்தின் பின்சுவரைப் பெயர்த்துக்கொண்டு வெளியே வந்துவிடுகிறது. பாடப்புத்தகத்தில் படம் போட்டு வைத்திருக்கிற விபத்து இது. பந்து வெளியே இருக்கிற ஒவ்வொரு மணி நேரமும் அதற்குப் போகிற ரத்தம் நெருக்கப்படும், அதனால் ஆறு மணி நேரத்துக்குள் உள்ளே தள்ளிவிடப் பார்ப்போம். இதில் உண்மையான அவசரம் அதுதான், அதை அன்றைக்கே செய்துவிட்டார்கள். அந்த டாக்டர்களுக்கு மனதுக்குள் ஒரு நன்றி சொல்லிக்கொள்ளுங்கள்.

சரி, அப்புறம் ஏன் ஐந்து நாள்? உடைந்த எலும்பிலிருந்து முதல் இரண்டு மூன்று நாள் ரத்தம் கசிந்துகொண்டே இருக்கும். அந்த நேரத்தில் திறந்தால் கசிவு இன்னும் கூடும், கண் முன்னால் இருப்பதே தெரியாது. சிடி ஸ்கேன் எடுத்து, படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, எத்தனை துண்டு, எது எங்கே போயிருக்கிறது, மூட்டுக்குள் ஏதாவது மாட்டிக்கொண்டிருக்கிறதா என்று தெரிந்துகொண்ட பிறகுதான் எந்தப் பக்கமாகப் போவது என்று முடிவு செய்ய முடியும். ரத்தம் எடுத்து வைக்க வேண்டும், தலையிலோ வயிற்றிலோ வேறு அடி இல்லை என்று உறுதி செய்ய வேண்டும், இந்த வேலையில் கைதேர்ந்தவர் மேசைக்கு வர வேண்டும். சாதாரண எலும்பு டாக்டர் எல்லாரும் இதைத் தொட மாட்டார்கள், தொடவும் கூடாது. எடை தொங்கவிட்டிருப்பது பந்து உடைந்த விளிம்பில் உரசாமல் கொஞ்சம் இழுத்துப் பிடிப்பதற்காக. ஆகவே சும்மா போட்டு வைத்திருக்கிறார்கள் என்று நினைக்காதீர்கள். மூன்றாம் நாளிலிருந்து பத்தாம் நாள் வரை நல்ல நேரம், இரண்டு வாரம் வரை தாங்கும். மூன்று வாரம் தாண்டினால் துண்டுகளுக்கு நடுவே புது எலும்பு முளைக்க ஆரம்பித்துவிடும். பிறகு எது பழைய விளிம்பு, எது புதிதாக வளர்ந்தது என்றே தெரியாது, செதுக்கிச் செதுக்கித்தான் பிரிக்க வேண்டும். விபத்தான ஐந்தாம் நாள் ஆபரேஷன் என்றால் அது தாமதம் இல்லை, சரியான நேரம்.

இப்போது பெரியப்பா விஷயம். புத்தூர் கட்டை நான் கேலி செய்யப் போவதில்லை, எங்கள் வீட்டிலேயே சின்ன வயதில் மணிக்கட்டு உடைந்து அங்கே போய் வந்த ஒருவர் இருக்கிறார், இன்றைக்கும் அந்தக் கையால்தான் என் முதுகில் தட்டிப் பேசுகிறார். விலகாத கை எலும்பு அசையாமல் இருந்தால் தானாகவே கூடிவிடும், கட்டு அதை அசையாமல் வைத்திருக்கிறது, அவ்வளவுதான். ஆனால் கட்டு எதையாவது பிடித்து நிறுத்த வேண்டுமென்றால் அதன் இருபுறமும் சுற்ற வேண்டும். கிண்ணமோ பிட்டத்துச் சதைக்கெல்லாம் அடியில், விரலால் தொட முடியாத ஆழத்தில் இருக்கிறது. மூங்கில் பத்தையோ மாவுக்கட்டோ அந்தப் பின்சுவர்த் துண்டை எட்டவே எட்டாது. இன்னொன்று, இது மூட்டுக்குள் நடந்த முறிவு. கைகால் எலும்பு கொஞ்சம் கோணலாகக் கூடினாலும் காலம் தள்ளலாம். மூட்டின் வழவழப்பான பரப்பில் ஒரு படி ஏற்பட்டுவிட்டால், கல் கிடக்கிற அம்மியில் குழவியை உருட்டுவது போலத்தான், ஒவ்வொரு அடிக்கும் குருத்தெலும்பு தேய்ந்துகொண்டே போகும். அதுவும் பின்சுவர் இல்லாத கிண்ணம் என்றால், நாற்காலியில் உட்காரும்போதே பந்து பின்னால் நழுவும்.

பல வருடங்களுக்கு முன் இதே மாதிரி ஒரு பையன், கட்டுமான வேலை பார்த்தவன், கையெழுத்துப் போட்டுக்கொடுத்துவிட்டு நான்காம் நாள் ஊருக்குப் போனான். நானும் ஒரு தடவை சொல்லிப் பார்த்துவிட்டு விட்டுவிட்டேன், குடும்பத்தைக் கூப்பிட்டு உட்காரவைத்துப் பேசியிருக்க வேண்டும், அது என் தப்பு. ஏழாவது வாரம் ஒரு காலை இழுத்துக்கொண்டு திரும்பி வந்தான். பந்தின் மேல்பக்கம் தேய்ந்து தட்டையாகியிருந்தது, ஒட்டவைக்கக் கிண்ணத்தில் எதுவும் மிச்சமில்லை. 31 வயதில் அவனுக்குச் செயற்கை மூட்டு வைத்தோம். அந்த வயதில் வைக்கிற மூட்டை ஆயுளில் எத்தனை முறை மாற்ற வேண்டிவரும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். இன்னொரு காரணமும் இருக்கிறது. இடுப்பு உடைந்து படுத்திருப்பவருக்குக் காலின் ரத்தக்குழாயில் ரத்தம் உறைந்து கட்டி பிடிப்பது சகஜம், அது நுரையீரலுக்குப் போனால் ஆள் மிஞ்சுவது கஷ்டம். அந்த நிலையில் திருச்சி வரை நாலு மணி நேரம் விமானத்தில் காலை அசைக்காமல் கொண்டுபோவது, தெரிந்தே தேடிக்கொள்கிற ஆபத்து.

ஆபரேஷனில் என்னதான் செய்வார்கள் என்று தெரிந்தால் வீட்டில் பாதிப் பயம் போய்விடும், அதனால் சொல்கிறேன். 1960களுக்கு முன்னால் இந்த முறிவு வந்தவர்களில் பெரும்பாலோரை வாரக்கணக்கில் எடை கட்டிப் படுக்க வைத்திருப்பார்கள், கிண்ணம் எப்படிக் கூடுகிறதோ கூடட்டும் என்று. பாரிசில் ராபர்ட் ஜூடே, எமில் லெதூர்னெல் என்ற இருவரும் உடலை 45 டிகிரி சாய்த்து எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து, ஐந்து எளிய வகை, ஐந்து கலப்பு வகை என்று 1964இல் பிரித்துக் காட்டினார்கள். இன்றைக்கும் அந்தப் பத்து வகையைத்தான் நாங்கள் பேசுகிறோம், சிடி ஸ்கேன் வந்த பிறகும். பின்சுவர் முறிவுக்குப் பின்பக்கமாகப் போவார்கள். ஆளை ஒருக்களித்தோ குப்புறவோ படுக்கவைத்து, பிட்டத்திலிருந்து தொடையின் பக்கவாட்டுக்கு வளைந்து இறங்குகிற கீறல், பெரியதுதான், மறைப்பானேன். சதைநார்களை அவை ஓடும் திசையிலேயே பிரித்து, இடுப்பைச் சுழற்றும் சின்னத் தசைகளைக் கழற்றி நூலில் கட்டி ஓரமாக வைத்துவிட்டு, முதலில் தேடுவது நரம்பை. சுண்டுவிரல் தடிமனில், வெளிர் மஞ்சளாக, ஈரமான கயிறு மாதிரி கிடக்கும் சயாட்டிக் நரம்பு. ஆபரேஷன் முடியும்வரை முட்டியை மடக்கியே வைத்திருப்போம், நரம்பு இழுபடாமல் தொய்வாக இருக்க வேண்டும் என்பதற்காக. காலைப் பிடித்திருக்கும் இளம் டாக்டருக்குக் கை வலிக்கும், பிடியைத் தளர்த்தினால் என்னிடம் திட்டு வாங்குவார்.

பிறகு மூட்டைக் கழுவி, அரிசிக் குருணை போல உள்ளே சிதறிக் கிடக்கும் எலும்புத் துணுக்குகளைப் பொறுக்கி எடுக்க வேண்டும். களிமண்ணில் கட்டைவிரலை அழுத்தியதுபோல, குருத்தெலும்பின் ஒரு பகுதி கிண்ணத்தின் எலும்புக்குள்ளேயே அமுங்கிப் போயிருக்கும். அதை அப்படியே விட்டுவிட்டு மேலே சுவரை மட்டும் மூடினால் எக்ஸ்ரேயில் அழகாகத் தெரியும், இரண்டு வருடத்தில் மூட்டு போய்விடும். ஆகவே பந்தையே அச்சாக வைத்து, அமுங்கியதை மெல்ல நெம்பித் தூக்கி, அடியில் உண்டாகும் பள்ளத்தில் தொடை எலும்பின் மேல்முனையிலிருந்து சுரண்டி எடுத்த எலும்புத் தூளை அடைத்து, அதற்கு மேல் பின்சுவர்த் துண்டை உடைந்த சிரட்டையைப் பொருத்துவதுபோல வைத்து, வளைத்த பிளேட்டால் அணைத்து ஸ்க்ரூ போட வேண்டும். ஸ்க்ரூ எதுவும் மூட்டுக்குள் எட்டிப் பார்க்கவில்லை என்று ஆபரேஷன் அறையிலேயே எக்ஸ்ரே பார்த்துக்கொண்டே போவார்கள். துண்டுகள் 1 மில்லிமீட்டருக்குள் சேர்ந்துவிட்டால்தான் நாங்கள் நன்றாகச் சேர்ந்தது என்போம். 3 மில்லிமீட்டரைத் தாண்டினால் மோசம். தச்சு வேலையில்கூட இவ்வளவு கறார் இருக்காது.

ஆபத்தே இல்லையா என்றால், இருக்கிறது. ரத்தம் போகும், ஏற்ற வேண்டிவரலாம். கிருமி தொற்றலாம். தசைக்குள் தேவையில்லாமல் எலும்பு வளர்ந்து மூட்டை இறுக்கிவிடலாம், அதைத் தடுக்கச் சிலருக்கு இண்டோமெத்தசின் மாத்திரை சில வாரம் கொடுப்பார்கள். வயிற்றெரிச்சல் வந்தால் தம்பி தானாக நிறுத்திவிடக் கூடாது, டாக்டரிடம் சொல்லட்டும். ரத்தம் உறையாமல் இருக்க வயிற்றில் தினமும் ஊசி. பந்துக்குப் போகும் ரத்தம் அன்றைக்கே கெட்டிருந்தால் பந்து மெல்லச் சாகும், அது தெரியவர இரண்டு வருடம்கூட ஆகலாம், அதனால் வலியே இல்லாவிட்டாலும் எக்ஸ்ரேவுக்கு வந்துகொண்டே இருக்க வேண்டும். இத்தனையும் சொன்ன பிறகு நல்லதையும் சொல்ல வேண்டும் இல்லையா. கிண்ண முறிவுக்கு ஆபரேஷன் செய்த 810 பேரைப் பின்தொடர்ந்து 2012இல் வெளியான ஆய்வு ஒன்று இருக்கிறது. 20 ஆண்டு கழித்தும் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பேருக்குச் சொந்த மூட்டே தாக்குப்பிடித்தது. எல்லா வகை முறிவும் சேர்ந்த கணக்கு அது, ஆபரேஷன் செய்தவரும் சாதாரண ஆள் இல்லை, அதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

பாதம் தூக்க முடியாதது பற்றி. பந்து பின்னால் போகும்போது அந்த மஞ்சள் கயிற்றின் மேலேயே போய் இடிக்கிறது, அதில் பாதத்தை மேலே தூக்கும் பகுதிதான் அதிகம் அடிபடும். இது விபத்தில் வந்தது. ஆனால் ஆபரேஷனுக்கு முன்பே இருந்தது என்று கேஸ் ஃபைலில் எழுதப்பட்டிருக்கிறதா என்று நாளைக்கே கேளுங்கள், பிறகு "ஆபரேஷனால் வந்ததா" என்ற குழப்பம் யாருக்கும் வராது. பலருக்கு நரம்பு திரும்பும், முழுசாகவோ பாதியாகவோ. மெதுவாக, ஒன்றரை இரண்டு வருடம்கூட எடுத்துக்கொள்ளும். அதுவரை பாதம் தொங்கிக் கணுக்கால் இறுகிவிடாமல் ஒரு பிளாஸ்டிக் தாங்கி போட வேண்டும், அதை இப்போதே கேட்டு வாங்குங்கள். நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது பாதத்தைக் கையால் மேல்நோக்கி மடக்கிவிடுவதும் நல்லதுதான், எப்படி என்று பிசியோ காட்டுவார்.

ஆபரேஷன் முடிந்த மறுநாளோ அதற்கடுத்த நாளோ எழுப்பி உட்காரவைத்துவிடுவார்கள். நடக்கலாம், ஆனால் இடது காலில் எட்டிலிருந்து பன்னிரண்டு வாரம் எடை வைக்கக் கூடாது, பாதம் தரையில் பட்டும் படாமல் வாக்கரோ ஊன்றுகோலோ வைத்து நடக்க வேண்டும். "கொஞ்சமா ஊனுங்க" என்றால் யாருக்கும் புரிவதில்லை. குளியலறை எடை மிஷின் ஒன்றை வாங்கி இடது காலை அதில் வைத்து முள் பத்துக் கிலோவைத் தாண்டாமல் நிற்கப் பழகச் சொல்லுங்கள், இரண்டே நாளில் காலுக்கு அளவு பிடிபடும். சிகரெட் பிடிக்கிறவனாக இருந்தால் இன்றோடு நிறுத்தட்டும், எலும்பு கூடுவதைப் புகை கெடுக்கும், இதில் நான் பேரம் பேச மாட்டேன்.

கல்யாணம். தைக்கு இன்னும் நாலரை மாதம் இருக்கிறது, எல்லாம் சரியாகப் போனால் அப்போது ஒரு கைத்தடியோடோ அது இல்லாமலோ நடப்பான். கொஞ்சம் சாய்ந்து நடக்கலாம், அதற்கு நான் உத்தரவாதம் தர மாட்டேன். மணவறையில் சம்மணம் மட்டும் வேண்டாம், இரண்டு நாற்காலி போட்டுவிடுங்கள், ஐயர் ஒன்றும் சொல்ல மாட்டார், முட்டி வலிக்கிற மாப்பிள்ளைகளை அவர் நிறையப் பார்த்திருப்பார். முதல் மூன்று மாதம் தாழ்வான முக்காலி, குந்தி உட்காருவது, கீழே விழுந்து கும்பிடுவது எதுவும் கூடாது. அதற்குப் பிறகும் டாக்டர் சொல்லும் அளவுக்குத்தான். நீங்கள் எழுதத் தயங்கிவிட்ட இன்னொரு கேள்வியும் வரிகளுக்கு நடுவே தெரிந்தது. இடுப்பு வளையம் முன்பக்கம் பிளந்து சிறுநீர்க்குழாய் அறுந்தவர்களுக்குத்தான் பெரும்பாலும் தாம்பத்தியம் பற்றிய அந்தக் கவலை, பின்சுவர் மட்டும் உடைந்தவனுக்குப் பொதுவாக இல்லை. பெண் வீட்டாரிடம் மறைக்காமல் ஸ்கேன் படத்தையே காட்டிப் பேசுங்கள்.

செலவைப் பொறுத்தவரை நான் வக்கீல் இல்லை, ஆனால் வார்டில் தினமும் பார்ப்பது இது. கம்பெனி ஏற்பாடு செய்த வேனில் வேலைக்குப் போகும்போது நடந்த விபத்து என்பதால் வேலையிடக் காய இழப்பீட்டுச் சட்டத்தின் கீழ் வரும். யார் தப்பு என்ற பேச்சே அதில் இல்லை. 2025 நவம்பர் முதல் தேதிக்குப் பிறகான விபத்துக்கு மருத்துவச் செலவு 53,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரை, அல்லது ஓராண்டு வரை, எது முதலில் வருகிறதோ அதுவரை முதலாளி கட்ட வேண்டும். மருத்துவமனையில் இருக்கும் நாட்களுக்கு 60 நாள் வரை முழுச் சம்பளம், அதற்குமேல் ஓராண்டு வரை மூன்றில் இரண்டு பங்கு, ஓவர்டைமும் அந்தச் சராசரியில் சேரும். இது போக ஒர்க் பெர்மிட் ஊழியர் ஒவ்வொருவருக்கும் ஆண்டுக்குக் குறைந்தது 60,000 வெள்ளிக்கு மருத்துவக் காப்புறுதி முதலாளி எடுத்திருக்க வேண்டும். மனிதவள அமைச்சிடம் விபத்தைத் தெரிவித்தார்களா என்று எழுத்தில் கேளுங்கள். பதில் வராவிட்டால் நீங்களே அமைச்சைத் தொடர்புகொள்ளலாம், வெளிநாட்டு ஊழியர் நிலையத்திலும் உதவுவார்கள். வார்டில் இருக்கும் மருத்துவ சமூகப் பணியாளரை ஆபரேஷனுக்கு முன்பே ஒருமுறை பார்த்துவிடுங்கள். மருத்துவ விடுப்புச் சீட்டு ஒவ்வொன்றையும் போனில் படம் எடுத்து வையுங்கள். கால் ஒரு நிலைக்கு வந்த பிறகுதான் நிரந்தரப் பாதிப்பைக் கணக்கிடுவார்கள், அதற்கு முன் "இதை வாங்கிக்கோ, ஊருக்குப் போ" என்று யாராவது பேப்பர் நீட்டினால் தம்பி பேனாவைத் தொட வேண்டாம்.

அப்புறம், தம்பி விடுதியில் மேல்தட்டுக் கட்டிலில்தானே படுக்கிறான்? ஏணி ஏற முடியாது, குந்தும் கழிவறையும் ஆகாது. கீழ்க்கட்டிலும், மின்தூக்கி இல்லையென்றால் தரைத்தளத்து அறையும், உட்காரும் கழிவறையும் கிடைக்கும் என்று கம்பெனி சொன்ன பிறகே வீட்டுக்கு அனுப்பச் சொல்லி டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். முடியாதென்றால் சமூக மருத்துவமனையில் சில வாரம் வைத்துப் பயிற்சி கொடுக்க முடியுமா என்று பாருங்கள். நாளைக்கு ரவுண்ட்ஸ் வரும்போது நீங்களும் அங்கே இருங்கள், சிடி படத்தைத் திரையில் காட்டச் சொல்லுங்கள், பெரியப்பாவையும் வீடியோ காலில் போடுங்கள்.